குழி தோண்டுமுன் கடிதம் எழுது

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "தாத்தா, லயத்துக்குப் பின்னால வீட்டோட சேர்த்து ஒரு பாத்ரூம் போடணும். எத்தனை கல்லு பிடிக்கும், எத்தனை மூடை சீமெந்து போகும்?" கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களிலும் இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் மேசன் கரண்டி பிடித்துக் காலம் தள்ளியவன் நான். கல் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. ஆனாலும் அதைக் கடைசியில்தான் சொல்வேன். நான் முதலில் கேட்பது, "யார்கிட்ட கேட்டீங்க? எழுதிக் கேட்டீங்களா?" என்பதுதான்.

உடனே பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடும். "நம்ம வீட்டுக்குக் கக்கூஸ் கட்ட நாம ஏன் இன்னொருத்தர்கிட்ட கேட்கணும்?" என்பார்கள். நியாயமான கோபம். அந்தக் கோபத்தை அடக்கச் சொல்ல நான் வரவில்லை. அதை எந்தப் பக்கம் திருப்பினால் காரியம் ஆகும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பாத்ரூமின் அருமை டைல்ஸ் கடைக்காரரைவிட நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பீலிக்கரையில் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்வைக்கு நடுவே குளித்த தலைமுறை அது. லயத்துக்குக் கடைசியில் இருக்கும் பொதுக் கக்கூஸுக்கு மழை இரவில் டோர்ச் வெளிச்சத்தில், அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து நடந்தவர்கள் அவர்கள். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இந்த நாட்டுத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுத்துக் குணப்படுத்தினாலும் கக்கூஸ் இல்லாத லயத்தில் நோய் திரும்பி வந்துவிடும் என்பது அப்போதே தெரிந்துபோன சங்கதி. நூறு வருடம் தாண்டியும் பல லயங்களில் இன்னும் வீட்டுக்கொரு கக்கூஸ் இல்லை. ஆகவே, மூட்டு வலியோடு படியிறங்க முடியாத அப்பாயிக்காகப் பேரன் ஒரு பாத்ரூம் கட்ட நினைத்தால் அதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல காரியம். நல்ல காரியம் பாதியில் நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

பாதியில் நின்றவை எத்தனையோ உண்டு. ஒரு தோட்டத்தில், லீவில் வந்த பையன் ஒருவன் மூன்றே நாளில் இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பிவிட்டான். நாலாம் நாள் தோட்ட ஆபீஸிலிருந்து ஆள் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார். "போன வருசம் ஐயாகிட்ட சொன்னேனே, சரின்னாரே" என்றார் பையனின் அப்பா. அந்த ஐயா மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். புது ஐயாவுக்கு எதுவும் தெரியாது. சுவர் அப்படியே நின்றது. அடுக்கி வைத்த சீமெந்து மூடைகள் மழைக் குளிரில் இறுகிக் கல்லாகின. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பெரியவர்கள் சொல்லிப் போனார்கள். நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: ஏழையின் சொல் ஏறாத அம்பலத்திலும் எழுத்து ஏறும்.

தாளோடு நமக்குள்ள உறவு

நம் ஆட்களுக்குத் தாள் என்றாலே ஒரு கசப்பு. அதற்குக் காரணம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் நம் முன்னோர் கையில் கொடுக்கப்பட்ட தாள்களில் ஒன்று 'துண்டு'. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன் பட்டிருக்கிறான், அதைக் கட்டுகிற தோட்டம் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள். பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 'உன்னிடம் அத்தாட்சி எங்கே?' என்று கேட்டு இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் நம்மை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்தது. எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003இன் சட்டத்தோடுதான் ஒரு முடிவுக்கு வந்தது.

இத்தனை பாடுபட்ட சனம் தாளைக் கண்டு ஒதுங்குவது இயல்புதான். ஆனால் இந்தக் கதையையே இன்னொரு பக்கம் இருந்து பாருங்கள். நம்மை விழுத்தியது தாள் அல்ல, நம் கையில் தாள் இல்லாமற் போனதுதான். ஆகவே எவ்வளவு சின்ன விசயமானாலும், எவ்வளவு நல்ல ஐயாவானாலும், திகதியும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு தாளை வாங்கி வையுங்கள். ஒரு பாத்ரூமுக்குக் கிடைத்த சம்மதக் கடிதம் காணி உறுதி ஆகிவிடாது. ஆனால் இந்தத் திகதியில், இந்த லயத்தில், இந்தக் காம்பராவில், இந்தக் குடும்பம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. நாளைக்கு வீட்டுத் திட்டமோ காணி கொடுப்பதோ வரும்போது அந்தச் சாட்சிக்கு விலை உண்டு.

யாரைக் கேட்பது?

நிலம் யாருடையது என்பதில் தெளிவு வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் இன்னமும் அரசினுடையது. கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகை, நமக்கு வெறும் குடியிருப்பு. ஆகவே லயத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது தோட்ட முகாமையாளரின் எழுத்துச் சம்மதம். தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் வழியாகக் கடிதத்தைக் கொடுத்தால் வேலை சுலபம். 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள், தங்களிடம் உள்ள பத்திரம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வாசிக்க வேண்டும். வீட்டை நீட்டிக் கட்டுவதற்கு அதில் நிபந்தனை இருக்கலாம்.

இரண்டாவது பிரதேச சபை. "அவங்களுக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இருந்த விதத்தில், சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழியில்லை என்றுதான் நீண்டகாலம் சொல்லி வந்தார்கள். 2018இல் அதற்கு வழிவிட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. வாக்குக் கேட்க வருகிறவர்களிடம் கக்கூஸும் கானும் பாதையும் கேட்க இப்போது நமக்குச் சட்டப்படி வாய் உண்டு. சபையின் சேவையைக் கேட்கிற நாம், கட்டட வரைபடத்துக்கு அதே சபையின் அனுமதியைக் கேட்பதும் முறைதான்.

எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிள்ளைகள் குழம்புவார்கள். நான் சொல்லும் எளிய கணக்கு இது: உடைந்த டைல்ஸை மாற்றுவது, பழைய கொமட்டைக் கழற்றி அதே இடத்தில் புதிது வைப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் வழக்கமாக வீட்டுக்குள் முடிகிற வேலை. புதுச் சுவர், புதுக் கூரை, புதுக் குழி என்று இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை. வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். அனுமதி எடுக்கிற பலர் இதை மறந்துபோகிறார்கள்.

இரத்தினபுரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி. அங்கே நிலத்துக்குக் கீழே 'இல்லம்' என்று சொல்லும் மாணிக்கக்கல் மண் கிடக்கிறது. லயத்துக்குப் பின்னால் ஆறடி ஆழத்துக்கு ஒருவன் மண்ணை அள்ளிக் குவித்தால், அது கக்கூஸ் குழி என்று யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள். மாணிக்கக்கல் குழிக்குத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இல்லாமல் தோண்டினால் வழக்கு. கையில் தோட்டத்துக் கடிதம் இருந்தால், காவல்காரனுக்கும் பொலிஸுக்கும் அதைக் காட்டிவிட்டு நிம்மதியாகத் தோண்டலாம்.

மலையைக் கேட்டீங்களா?

மூன்றாவது ஆள் மலை. அதன் சார்பில் பேசுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். இரத்தினபுரி, கேகாலை உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட, 2011 முதல் அவர்களுடைய சிபாரிசும் தேவை. இது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுகிறவர்கள் 2016 மே 17ஐ நினைத்துக்கொள்ளட்டும். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது அன்றுதான். புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் இறங்கியதும் அன்றுதான். அடுத்த வருடம் மே மாதத்தில் இரத்தினபுரியின் முறை வந்தது. அதற்கும் முன்னால், 2014 ஒக்டோபரில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம் சனத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின.

ஒரு பாத்ரூமுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இரண்டு விதத்தில் சம்பந்தம் உண்டு. ஒன்று, லயத்துக்குப் பின்னால் இடம் போதாதென்று மண் திட்டைச் செங்குத்தாக வெட்டுகிறோம். மலையின் அடியில் முட்டுக் கொடுத்திருந்த மண்ணை நாமே எடுத்துவிடுகிறோம். இரண்டு, குளித்த தண்ணீரும் குழித் தண்ணீரும் தினமும் ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறங்குகின்றன. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் இரத்தினபுரி மண் ஏற்கெனவே ஊறிப்போன மண். மேலும் ஊறினால் அதன் பிடி தளரும். தரையில் புதுக் கீறல், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, சாயத் தொடங்கும் மரம், இல்லாத இடத்தில் வரும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாத்ரூம் யோசனையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கிராம உத்தியோகத்தரிடம் ஓடுங்கள்.

கீழ் லயத்துக்காரரையும் மறக்காதீர்கள். மலையில் நம் வீட்டை விட்டுப் போகிற தண்ணீர் இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. அவர் குடிக்கிற பீலியோ கிணறோ நம் குழிக்குக் கீழே இருக்கலாம். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி விடச் சொல்வது வழக்கம். சரிவில் அதைவிடக் கூடுதலாக விட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒரு தடவை கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள். அவர் வருவது குற்றம் பிடிக்கத்தான் என்ற பயத்தை விடுங்கள். வயிற்றோட்டமும் எலிக்காய்ச்சலும் வந்தபின் அவர் வருவதைவிட, வருமுன் வருவது நல்லது.

மழையில் இடம் பார், வெயிலில் வேலை பார்

திட்டம் போடுவதென்றால் படம் கீறுவது மட்டும் என்று நினைக்கிறார்கள். முதல் திட்டம் மாதக் கணக்கு. இடத்தைப் பார்க்க நல்ல காலம் மே, ஜூன், அல்லது ஒக்டோபர், நவம்பர். அடைமழையில் குடையோடு பின்பக்கம் போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தக் கானில் விழுகிறது என்று கண்ணாலே பாருங்கள். இரண்டடி ஆழத்தில் சின்னக் குழி ஒன்று வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றால், அந்த இடத்தில் உறிஞ்சு குழி வேலை செய்யாது. வெயில் காலத்தில் பார்த்தால் எந்த மண்ணும் நல்ல மண்ணாகத்தான் தெரியும். வேலையை ஜனவரி, பெப்ரவரியில் வையுங்கள். இடையில் உள்ள மாதங்கள் கடிதங்களுக்கு. தீபாவளி லீவுக்குள் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பவனுக்குத்தான் சுவர் பாதியில் நிற்கும்.

அடுத்தது பழைய லயத்தின் உடம்பைப் படிப்பது. முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தில் உங்கள் பின்சுவர் பக்கத்து வீட்டுக்காரரின் சுவரும்தான். அதில் குழாய்க்கு ஓட்டை போட்டால் அவர் வீட்டில் ஓதம் அடிக்கும். நாலு வார்த்தை பேசி, அவருடைய சம்மதத்தையும் கடிதத்தின் அடியில் ஒரு கையெழுத்தாக வாங்குங்கள். பழைய சுவர்களில் பல, கல்லும் மண்ணும் சுண்ணாம்புமாக எழும்பியவை. ஈரத்தைத் தாங்காதவை. பாத்ரூமுக்குத் தனிச் சுவர் எழுப்பிக்கொள்வதே நல்லது. பழைய சுவரின் மேல் டைல்ஸை ஒட்டி மறைத்தால் உள்ளே சுவர் இற்றுக்கொண்டே போகும்.

கக்கூஸ் குழாய் நாலு அங்குலம். நாற்பதடி ஓடினால் ஓரடி இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் அடைக்கும். மலக்குழியை இரண்டு அறையாகக் கட்டி, அதன் பிறகு உறிஞ்சு குழிக்கு விடுங்கள். சவர்க்காரத் தண்ணீரை அதோடு சேர்க்காமல் வேறு வழியில் விடுங்கள். காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு நுளம்புக்கு இடம் கொடுத்துவிட்டுக் கோயிலில் நேர்த்தி வைத்துப் பயனில்லை. பின்னால் குழியை இறைக்க பவுசர் வருமா, அதன் குழாய் எட்டுமா என்பதையும் இப்போதே பாருங்கள்.

உள்ளே என்ன செய்வது என்பதில் இளசுகளின் கண் டைல்ஸ் நிறத்தில் நிற்கும். என் கண் கதவில் நிற்கும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அப்பாயி உள்ளே வழுக்கி விழுந்து கதவோரம் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளி யாரும் போக முடியாது. கொமட் பக்கத்துச் சுவரில் கைப்பிடி ஒன்று, பூசும்போதே வைத்துவிட வேண்டும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், அல்லது வெறும் சீமெந்தே போதும். பளபளப்பு முழங்காலுக்கு எதிரி. சுடுதண்ணீர் ஷவர் வைக்கிறவர்கள் ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் இல்லாமல் வைக்காதீர்கள். லயத்து வயரில் கொழுவி இழுத்த கரண்ட் ஈர உடம்பை மன்னிக்காது.

காசு விசயம் ஒரு வார்த்தை. 2022இல் சீமெந்தும் குழாயும் விலை ஏறிய ஏற்றத்தை எல்லாரும் பார்த்தீர்கள். குழி, குழாய், கூரை மூன்றுக்கும் முதலில் காசை ஒதுக்குங்கள். மண்ணுக்குள் மறைவது நல்ல சாமானாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிவதைப் பிறகு மாற்றலாம். வட்டிக்கு எடுத்துக் கட்டாதீர்கள். குளிக்கப் போகும்போதெல்லாம் கடன்காரன் நினைவு வரும்.

கடிதம் எப்படி எழுதுவது?

ஒரே பக்கம் போதும். பெயர், அடையாள அட்டை இலக்கம், தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா இலக்கம். எத்தனை பேர் இருக்கிறோம், அதில் வயதானவர், நோயாளி, வயதுக்கு வந்த பிள்ளை யார் யார். எத்தனை அடிக்கு எத்தனை அடி கட்டப் போகிறோம், குழி எங்கே வரும். பின்பக்கத்தில் கையாலே ஒரு படம் கீறுங்கள்: லயம், கான், கிணறு, மண்திட்டு, குழி, இடையில் உள்ள அடிக்கணக்கு. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் 'கிடைத்தது' என்று எழுதித் திகதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்தப் பிரதியைப் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் பொலித்தீன் சுற்றி வையுங்கள். போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சபரகமுவவில் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறோம். அலுவலகப் படிவம் பலசமயம் சிங்களத்தில் மட்டும் இருக்கும். உங்களில் பலருக்குச் சிங்களம் நன்றாக வரும், அது நல்ல பலம். ஆனாலும் தமிழில் எழுதி அரச அலுவலகத்திடம் தமிழில் பதில் கேட்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?' என்று பிரதேச சபையின் தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டால், தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். தோட்டத்துத் தலைவரைக் கூட்டிப் போவதும் நல்லதுதான். தலைவர் பேசட்டும், கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும்.

அனுமதி கேட்பது கும்பிடு போடுவதல்ல. நான் இங்கே குடியிருக்கிறேன், என் வீட்டுக்கு இது வேண்டும், இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று பெயர் போட்டுச் சொல்வது அது. சிலசமயம் இல்லை என்று சொல்வார்கள். மலை தாங்காது என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு, பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள். அந்த மறுப்பே அதற்கு அத்தாட்சி ஆகும். வேறு எந்தக் காரணம் சொன்னாலும், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாயால் மறுத்ததை எதிர்த்து எங்கும் போக முடியாது. எழுத்தில் மறுத்ததை எடுத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டலாம்.